துப்பிய மிடறுகள்

பீப்பாயில் ஊறிய, ஜூனிப்பர் காய் வாசம் ஏற்றிய ஜின் சாராயத்தை ருசித்து மதிப்பிடுவது அவர் வேலை. ஒரு மிடறு விழுங்கினாலும் குழந்தையோடு அண்ணன் வீட்டுக்குப் போய்விடுவதாக மனைவி சொல்லியிருந்தாள். அன்றும் ருசித்ததையெல்லாம் வாளியில் துப்பினார். நாக்கு மரத்துப்போய், கடைசிப் பீப்பாய்க்கு மட்டும் முடிவு சொல்ல முடியவில்லை.

வாளியைக் கழுவ எடுத்த வேலையாள் சிரித்தான். "என்னண்ணே, சொட்டுகூட இல்ல? எல்லாம் உள்ள போயிடுச்சா?"

வாளி காய்ந்து கிடந்தது. அவருக்குத் தலை தெளிவாகத்தான் இருந்தது. நாள் முழுக்க நின்றதில் கால்கள்தான் வலித்தன.

வேலையின் வாசம் வாயில் எப்போதும் இருக்கும் என்பதால், வீட்டில் மனைவி வைக்கும் சோதனை நடைதான். தரை ஓடுகள் சேரும் கோட்டில் வழக்கம்போல நேராக நடந்து காட்டினார்.

"சரி, குடிக்கல" என்றாள் மனைவி. அவள் நாக்கு குழறியது. விழாமலிருக்கச் சுவரைப் பிடித்துக்கொண்டே சொன்னாள்:

"அந்தக் கடைசிப் பீப்பாய மட்டும் இன்னும் கொஞ்ச நாள் விடுங்க. மர வாசம் அடங்கல."