சட்டியில் ஒட்டியது

மில் சங்கு ஊதி ஓய்கிறது. ராஜபாளையத்து உச்சிவெயில் ஓட்டுக்கண்ணாடி வழியாக அடுக்களைக்குள் விழ, கத்திரிக்காய்க் குழம்புச் சட்டியின் அடியில் தேங்கிய கடலை எண்ணெய் மினுங்குகிறது. கருத்தப்பாண்டி சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போகிறார். அவர் மனைவி மாரியாத்தாள் அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து, சட்டியைத் தன் பக்கம் இழுத்து, அதிலேயே சோற்றைப் போட்டுப் புரட்டுகிறாள். மாதவிலக்கு நின்றபின் ரத்தத்தில் கொழுப்பு ஏறிக்கொண்டே போகிறது, நெஞ்சுவலியும் இருக்கிறது, எண்ணெயைத் தொடவே கூடாது என்று நேற்றுதான் ஸ்ரீவில்லிபுத்தூர் டாக்டர் சொல்லியிருக்கிறார். கூடப் போய்க் கேட்டு வந்த மகள் இந்திராணி அம்மா பக்கத்தில் வந்து குந்துகிறாள். "எம்மா, டாக்டர் சொன்னது அதுக்குள்ள மறந்துபோச்சா?" "நான் எங்கட்டி எண்ணெய் ஊத்திக்கிட்டேன்? சட்டியில ஒட்டுனதுதான. இம்புட்டையும் சாக்கடையில கழுவி ஊத்தச் சொல்லுதியா?" "அப்ப குழம்புக்கே குறைச்சு ஊத்து." "ஒங்கய்யா தட்டைத் தூக்கி எறியவா?" கொல்லையிலிருந்து கொப்பளிக்கும் சத்தம் நின்று, கருத்தப்பாண்டியின் குரல் வருகிறது. "ஏட்டி, இன்னைக்குக் குழம்புல எண்ணெய் பத்தலை. நாளைக்குத் தாராளமா ஊத்து." "சரி" என்கிறாள் மாரியாத்தாள். இந்திராணி சட்டியின் விளிம்பைப் பிடித்து இழுக்கிறாள். அம்மா விடுவதாக இல்லை. வெயிலில் பளபளக்கும் விரல்களால் அடியை ஒரு சுற்று வழித்து வாயில் வைத்துக்கொண்ட பிறகுதான் பிடியைத் தளர்த்துகிறாள். சட்டி கழுவி வைத்ததுபோல் இருக்கிறது.