மணவறையில் ஒரு பேட்டரி

"யாரும் உள்ள வரக்கூடாது."

மணவறை வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள் ஹுமைரா. வலது கை நிலையில் ஊன்றியிருந்தது. இடது கை முக்காட்டுக்குள்.

காலையில்தான் வேதாரண்யத்தில் நிக்காஹ். பொழுது சாய வலங்கைமானில் மாப்பிள்ளை வீட்டுக்கு வந்து இறங்கி வேன் சூடுகூட ஆறவில்லை. அதற்குள் புதுப்பெண் மாமியாரை வழிமறிக்கிறாள்.

எதிரே மாமியார் மெஹராஜ் பேகம். கையில் சாம்பிராணிச் சட்டி, சட்டி நிறையத் தணல். பின்னால் நாத்தனார்கள், சொந்தக்காரிகள், பக்கத்து வீட்டுப் பெண்கள்.

புதுப்பெண்ணின் அறைக்கு மாமியார் கையால் சாம்பிராணி காட்டுவது அந்த வீட்டு வழக்கம். இன்று இரண்டு பங்கு போட்டிருந்தாள். மத்தியானத்திலிருந்து அறையில் அழுகிய முட்டை மாதிரி ஒரு நாற்றம்.

அந்த நாற்றம் கட்டிலுக்கு அடியிலிருந்து வந்தது. ஜரிகைத் துணி போர்த்திய இன்வெர்ட்டர் பேட்டரி.

பாதி நாள் கரண்ட் இல்லாத வருடம் அது. முதல் ராத்திரியில் ஃபேன் நிற்கக்கூடாதென்று, ஷார்ஜா சம்பளத்தில் மாப்பிள்ளை உபைதுல்லா தஞ்சாவூர் போய் வாங்கி வந்து தன் கையால் மாட்டியது. கொசுவும் வரக்கூடாது, எட்டிப் பார்க்கிற கண்ணும் வரக்கூடாது என்று ஜன்னல்களை இறுக்கிச் சாத்தி, மேலே சாட்டின் திரை. உள்ளே பேட்டரி கொதித்துக்கொண்டிருந்தது.

"அது பேட்டரி கேஸ் மாமி. நெருப்பு பட்டா வெடிச்சிரும். முதல்ல ஜன்னலைத் திறக்கணும். அப்புறம் வெளியில மெயினை ஆஃப் பண்ணணும், அப்பத்தான் சார்ஜ் ஏறுறது நிக்கும்."

"கேட்டியளா கதைய! என் புள்ள ஷார்ஜாவுல ஏசி மாட்டுறவன். அவனுக்குத் தெரியாதது இந்த இஞ்சினியரம்மாவுக்குத் தெரிஞ்சிருச்சு!"

கொல்லென்று சிரிப்பு. அதற்குள் பின்வரிசையிலிருந்து ஒரு குரல்.

"மாப்பிள்ளையப் புடிக்கலையோ என்னமோ..."

சிரிப்பு நின்றது. அந்த ஒரு வார்த்தை போதும். விடிவதற்குள் இரண்டு ஊரிலும் பேசுவார்கள். நாளைக்கே ஹுமைரா பெட்டியோடு பிறந்த வீடு திரும்ப வேண்டியிருக்கும்.

ஹுமைராவின் தாய் சஃபியா கூட்டத்தை இடித்துக்கொண்டு வந்து மகள் காதில் சீறினாள்.

"வழிய விடுடி. இன்னிக்கு ஒரு நாளாச்சும் வாய மூடிக்கிட்டு இரு. கையை வெளிய எடுக்காத."

உபைதுல்லா வந்தான்.

"என்ன உம்மா?"

"உன் பொண்டாட்டி நம்ம யாரையும் உள்ள விடமாட்டாளாம்."

அவன் முகம் சிவந்தது. "புது பேட்டரி. ஒண்ணும் ஆகாது. நகரு."

அவள் நகரவில்லை.

மெஹராஜ் பேகம் குனிந்தாள். ஊன்றிய கைக்கு அடியில் சட்டியோடு நுழையப் பார்த்தாள். தணலிலிருந்து படீரென்று ஒரு பொறி தெறித்தது.

ஹுமைரா இடது கையை முக்காட்டிலிருந்து வெளியே எடுத்தாள்.

"வேணாம்டி..." என்றாள் சஃபியா.

ரவிக்கையின் முழுக்கையை முழங்கைக்கு மேல் ஏற்றினாள் ஹுமைரா. அந்தக் கையில் மருதாணி இல்லை. மணிக்கட்டிலிருந்து மேலே, மெழுகு உருகி உறைந்ததுபோலத் தோல்.

"பிளஸ் டூ படிக்கிறப்போ. கரண்ட் இல்ல. பேட்டரியில தண்ணி இருக்கான்னு தீக்குச்சி கிழிச்சுப் பார்த்தேன். அதுவும் புது பேட்டரிதான்."

பெண் பார்க்க வந்தபோதும் முழுக்கை. நிச்சயத்தன்றும் முழுக்கை. காலையில் கையெழுத்துப் போட நீண்டது வலது கை மட்டும்.

சஃபியா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

உபைதுல்லா அந்தக் கையையே பார்த்தான். பிறகு தாயின் கையிலிருந்து சட்டியை வாங்கிக்கொண்டு விறுவிறுவென்று தெருவுக்கு நடந்தான்.

ஹுமைரா உள்ளே போனாள். திரையை இழுத்து எறிந்தாள். ஜன்னல்கள் ஒவ்வொன்றாய்ப் படார் படாரென்று திறந்தன.

சற்றுப் பொறுத்து வெளியே உபைதுல்லா மெயினை இறக்கினான். வீடு முழுக்க இருட்டு. இன்வெர்ட்டரில் ஓடிய அந்த ஒரு அறையில் மட்டும் வெளிச்சம். இருட்டில் நின்ற அத்தனை பேருக்கும் அவள் கை பளிச்சென்று தெரிந்தது.

உபைதுல்லா வெறுங்கையோடு திரும்பி வந்து வாசற்படியில் நின்றான்.

"இப்ப உள்ள வரலாமாங்க?"

"இன்னும் கொஞ்சம் காத்து வரட்டும்," என்றாள் ஹுமைரா.

ஏற்றிய கையை அவள் இறக்கவில்லை.