குப்பை வண்டியோடு ஒரு ராப் சண்டை

எம்.சி. மிளகா என்கிற ராப் பாடகி ஸ்டெல்லா, மாநகராட்சியின் புதிய ஏ.ஐ. குப்பை வண்டிகள் பேசத் தன் குரலைக் கொடுத்தபோது இப்படி ஆகுமென்று நினைக்கவில்லை. வண்டி வீட்டுக்கு வீடு குப்பையைக் கிளறிப் பார்த்து, தானே ராப் கட்டி மானத்தை வாங்கியது. இன்று அவள் அம்மாவின் முறை.

"ரோசம்மா ரோசம்மா, மீன் செதிலும் பிளாஸ்டிக்கும் ஒரே பையிலாம்மா?"

வியாசர்பாடித் தெருவே சிரித்தது.

"பெத்தவளையே நடுத்தெருவுல நாறடிக்கிறியேடி!" என்றாள் அம்மா.

"பாடுனது வண்டிம்மா!"

"குரலு உன்னுதுதானே?"

ஸ்டெல்லாவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. ராப் சண்டையில் தோற்றே அறியாதவள் அவள். வண்டியை மறித்து நின்று, அதன் துருப்பிடித்த கதவு முதல் வழியெல்லாம் ஒழுகும் தண்ணீர் வரை ராப்பிலேயே விளாசித் தள்ளினாள். தெரு கைதட்டியது.

வண்டி நிதானமாக, அவள் அறையிலிருந்து வந்த குப்பைப் பையைக் கிளறியது.

"டயட்டுல இருக்கேன்னு சொன்ன வாயி, ரெண்டு பிரியாணி பொட்டலம் ஏது தாயி? அம்மாவுக்கு ஊத்துனது கஞ்சி, உன் பையில கெடக்கு எலும்பு மிஞ்சி!"

விசில் பறந்தது. அம்மா முந்தானையைச் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள். இத்தனை வருஷத்தில் மகளிடம் ஒருமுறைகூடக் கேட்காததை வண்டியிடம் கேட்டாள்.

"கண்ணு, இன்னொரு வாட்டி பாடு."