பச்சை கிளிப் போன பாதை

"இன்னைக்குப் பார்த்து அந்தப் பச்சை கிளிப்பை எதுக்குத் தலையில மாட்டுற?"

"ஏன், என் கிளிப்தானே? நான் மாட்டக் கூடாதா?" என்றார் கணக்கு டீச்சர், கண்ணாடியை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

கேள்வி கேட்ட அவர் கணவர் கடிகாரக் கடைக்காரர். ஊர்க் கடிகாரத்தையெல்லாம் ஓட வைப்பவர், அன்று தானே எங்கேயாவது ஓடிவிடலாமா என்று பார்த்துக்கொண்டிருந்தார். வரப்போகிற விருந்தாளி அப்படி.

மாடிக்காரி! பள்ளியில் மூவரும் ஒரே வகுப்பு. அப்போது கடைக்காரர் வீட்டுக்கு எதிர்க் கட்டடத்தில் இரண்டாவது மாடியில் அவள், அவளுக்கு நேர் கீழே முதல் மாடியில் டீச்சர். அந்தக் கிளிப் யாருக்கு வாங்கியது என்பது மாடிக்காரிக்குத் தெரியும். டீச்சருக்குத் தெரியாது. மாடிக்காரி வாயில் எதுவும் தங்காது.

அவள் சொல்வதற்குள் நாமே சொல்லிவிடுவது உத்தமம் என்று தொண்டையைச் செருமினார்.

"பன்னெண்டாவது படிக்கிறப்போ உன்கிட்ட ஒரு எறிபொருள் கணக்கு கேட்டேனே, ஞாபகம் இருக்கா?"

"எந்தக் கணக்கை நீங்களா போட்டீங்க? அதுல எது?"

"மொட்டை மாடியில இருந்து ஒரு பொருளை எறியணும். வேகம் இவ்வளவு, எதிர்ல இவ்வளவு தூரம், இவ்வளவு உயரம். எந்தக் கோணத்துல எறியணும்? அது புத்தகத்துல இருந்த கணக்கு இல்லம்மா."

டீச்சர் பவுடர் டப்பாவை மூடினார். "அப்புறம்?"

அப்புறமென்ன. டீச்சர் சொன்ன கோணத்தைப் பாகைமானியில் பார்த்து, சைக்கிள் டியூபில் செய்த கவணில், பஞ்சில் சுற்றிய கிளிப்பை வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு விட்டார். இரண்டாவது மாடியில் மாடிக்காரி இரண்டு கையையும் ஏந்திக்கொண்டு நின்றாள். பொட்டலமோ முதல் மாடி பால்கனியில், காய்கிற துணிகளுக்கு நடுவே போய் விழுந்தது.

மறுநாள் அந்தக் கிளிப் டீச்சரின் இரட்டைப் பின்னலோடு வகுப்புக்கு வந்தது. கரும்பலகைப் பக்கமிருந்து அவள் திரும்பிச் சிரித்த சிரிப்பில், 'அது உனக்கில்லை' என்று சொல்ல வந்த வார்த்தை தொண்டையிலேயே நின்றுவிட்டது. நின்றது நின்றதுதான். கல்யாணமாகி, பிள்ளைகள் பிறந்து, அவர்களுக்கும் தலை நரைக்கத் தொடங்கிவிட்டது.

"அவளுக்கு எறிஞ்சது உன்கிட்ட விழுந்துடுச்சு," என்றார், தரையைப் பார்த்துக்கொண்டே. "நீ போட்ட கணக்குல தப்பில்ல. என் கைதான் நடுங்கிடுச்சு. கோவிச்சுக்காத."

வாசல் மணி அடித்தது.

டீச்சர் எழுந்தார். கிளிப்பை ஒருமுறை அழுத்திவிட்டுக்கொண்டார்.

"கை ஒண்ணும் நடுங்கல. நீங்க கொடுத்த தூரத்தையும் உயரத்தையும் பார்த்ததுமே அது எங்க தெரு, அவ பால்கனின்னு தெரிஞ்சு போச்சு," என்றவர், கதவைத் திறக்கும் முன் குரலைத் தாழ்த்தினார். "உயரத்தை மட்டும் அடிச்சுட்டு, எங்க பால்கனி உயரத்தைப் போட்டுக் கோணம் கண்டுபிடிச்சேன்."