சாம்பல் நிற ஸ்டூல்

கணவன் டோமினிக்கின் முழங்கால் வலிக்காக, சோபாவில் உட்கார்ந்து கால் நீட்டிக்கொள்ள ஒரு மெத்தை ஸ்டூல் வாங்கலாம் என்று எமல்டாதான் சொன்னாள். சோபாவின் உயரத்தை அளந்து எழுதிக்கொண்டு போனாள். கடைக்கு அவனுடைய அலுவலகத் தோழி ரோகிணியும் வந்திருந்தாள். அவன்தான் கூப்பிட்டிருந்தான்.

எமல்டா தேர்ந்தெடுத்த நீல ஸ்டூலை ரோகிணி ஒரு தடவை பார்த்தாள். "இது உயரம் ஜாஸ்திங்க, அவருக்கு முழங்கால் இழுக்கும். அந்தச் சாம்பல் கலர் சரியா இருக்கும்" என்றாள். டோமினிக் அதையே வாங்கினான்.

வீட்டில் எமல்டா அதை ஜன்னலோரம் வைத்துப் பார்த்தாள். பிறகு டிவிக்குப் பக்கத்தில். கடைசியில் வேண்டுமென்றே அவன் கால் எட்டாத இடத்துக்குத் தள்ளினாள். அவன் எழுந்து போய் அதை இழுத்துவந்து சோபாவுக்கு முன்னால் போட்டு, கால்களை நீட்டினான். கண்கள் தாமாக மூடிக்கொண்டன. ஒன்பது வருடமாக அவள் தலையணைகளை அடுக்கிக் கொடுத்தும் அந்த முகத்தில் இப்படியொரு நிம்மதி வந்ததில்லை.

"வலிக்கலையா?"

"துளிகூட இல்ல."

"இந்த உயரம்தான் உங்களுக்குச் சரின்னு ரோகிணிக்கு எப்படித் தெரியும்?"

டோமினிக் கண்ணைத் திறக்கவில்லை. கால்களை மட்டும் மெதுவாகக் கீழே இறக்கிவைத்தான்.