ராசியான கம்ப்யூட்டர்

திருச்செங்கோட்டு போர்வெல் ரிக் ஆபீஸில் ஏசி, கண்ணாடிக் கதவு, முதலாளி மருதாசலத்தின் சிம்மாசன நாற்காலி எல்லாமே புதுசு. கம்ப்யூட்டர் மட்டும் பதினைந்து வருசப் பழசு. அதன் நெற்றியில் ஆயுதபூஜைச் சந்தனம் காய்ந்திருக்கிறது. இன்று திரை முழுக்கச் சிவப்பு. கணக்கையெல்லாம் பூட்டிவிட்டோம், பணம் அனுப்பினால் திறப்போம் என்று எவனோ மிரட்டுகிறான். "என்னத்தப் புள்ள அமுத்தித் தொலச்சே?" என்று கணக்குப் பார்க்கும் மதுமதியிடம் உறுமுகிறார் மருதாசலம். "நான் ஒண்ணும் அமுத்தலைங்க. இந்தப் பெட்டியச் செஞ்ச கம்பெனிக்காரனே வைரஸ் பாதுகாப்ப நிறுத்திட்டான், மாத்திருங்கன்னு ரெண்டு வருசமாச் சொல்றேனுங்க." "ராசியான பெட்டிங்கறேன், மாத்து மாத்துன்னே. உன் வாய் பலிச்சிருச்சு. நாளைலருந்து வராதே!" அவள் டிபன் பையை எடுக்கிறாள். அவர் எலுமிச்சம்பழத்தால் திரையைச் சுற்றிப் போட்டு, புதுக் குங்குமமும் பூவும் வைக்கிறார். ஆபீஸை விட்டு அனுப்ப வேண்டியது பொட்டும் பூவுமாக மேசையிலேயே உட்கார்ந்திருக்கிறது.