மிதித்தால் அடிக்கும் மணி

“நாய் மிதிச்சாலும் அடிக்கோணும், பூனை மிதிச்சாலும் அடிக்கோணும். கண்ட பய காலு பட்டா ஊரே முழிக்கறாப்பல அடிக்கோணும்!” என்றார் பண்ணைக்குச் சொந்தக்காரரான பண்ணாடி செல்லமுத்து, தலைவாசல் படியைக் கைத்தடியால் தட்டி.

சேலத்திலிருந்து வந்திருந்த ஒயர்மேன் குனிந்து படியை அளந்தார். “படிக்கு அடியில ஒரு பலகை வெச்சர்லாங்க. காலு பட்டா பலகை அமுங்கும், கம்பி ரெண்டும் ஒட்டும், உள்ள மணி அடிக்கும். கரண்டு வேண்டாமுங்க, பேட்டரியே போதும்.”

ராசிபுரத்தில் அந்த மாசம் மட்டும் இரண்டு வீட்டில் கன்னம் வைத்து, சுவரில் ஓட்டை போட்டு நகையை அள்ளிவிட்டார்கள். பண்ணாடியின் ஒரே மகளுக்குப் பத்து நாளில் கல்யாணம். நகை முழுக்க இரும்புப் பெட்டியில் இருந்தது.

அதைவிடப் பெரிய பயம் கூடத்தில் உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தது. நாமக்கல் சம்பந்தி செங்கோட்டையன்! கிணற்றில் விழுந்த கன்றுக்குட்டியைத் தூக்கப் பண்ணையாளைக் கொல்லைக்குள் விட்டார்கள் என்பதற்காகப் போன வருசம் ஒரு சம்பந்தத்தையே முறித்துக்கொண்டு போன மனிதர்.

“கண்டவன் காலு பட்ட ஊட்டுல நாங்க கை நனைக்க மாட்டமுங்க. அப்பறம் என்னையச் சொல்லாதீங்க” என்று நிச்சயத்தன்றே சபையில் சொல்லிவிட்டார். அந்தப் பேச்சு பண்ணாடிக்குத் தேன் மாதிரி இனித்தது. தன் அந்தஸ்துக்குச் சமமான ஆள் கிடைத்துவிட்டாரே!

ஒயர்மேனையும் அவருக்குப் பிடித்துப் போயிற்று. காலையில் வந்த ஆள், பூட்ஸை வாசல்படியில் விடவில்லை. எங்கோ தள்ளி, பண்ணையாட்கள் செருப்பு விடும் வேலிப் படலோரம் கழற்றி, சாமான் பெட்டியையும் அங்கேயே வைத்துவிட்டு வெறுங்காலோடு நடந்து வந்தார்.

“பாத்தீங்களா சம்பந்தி? படிச்சவன் படிச்சவந்தான். நம்ம ஊட்டு மண்ணுக்கே மரியாதை குடுக்கறான்!” என்று பூரித்துப் போனார் பண்ணாடி.

வேறு யார் வந்தாலும் இரண்டாம் வார்த்தையிலேயே குலம் கோத்திரம் வரை தோண்டி எடுத்துவிடுவார். காக்கிக் கால்சட்டை, கைக்கடிகாரம், காதில் சொருகிய பென்சில் என்று வந்து நின்றவரிடம் அதைக் கேட்க வாய் வரவில்லை. கேட்டால் பட்டிக்காட்டான் என்று நினைத்துவிட்டால்? சின்ன வயசிலேயே மேட்டூர் போய் வேலை பழகினவராம், அது போதும்.

“உள்ள வாங்க தம்பி, சும்மா வாங்க” என்று கையைப் பிடித்து அவரே இழுத்துப் போனார். நகை அறையைக் காட்டினார். சமையல்கட்டு சன்னலைக் காட்டினார். சாமி அறைக்குள்ளேயே கூட்டிப் போய், மணியை எங்கே மாட்டலாம் என்று யோசனை கேட்டார்.

“சுவத்துல கன்னம் வெச்சா?”

“சுவரு நெடுக மெல்லிசுக் கம்பி ஓட்டீர்லாங்க. அந்தக் கம்பி அறுந்தாலே மணி அடிக்கும்.”

“அப்ப சரி. இன்னொண்ணு. நாங்க படி மிதிச்சா சும்மா இருக்கோணும். அதா, அங்க நிக்குதே ஒரு சென்மம், அதுமாதிரி மிதிச்சா மட்டும் அடிக்கோணும். அப்பிடி ஒரு மணி இருக்குதுங்களா?”

அவர் கைத்தடி நீண்ட திக்கில், படலுக்கு வெளியே உச்சி வெயிலில் பண்ணையாள் சடையன் நின்றான். முப்பது வருசமாக அங்கே உழைக்கிறவன். அவன் முகத்தை ஏறெடுத்துப் பார்க்கப் பண்ணாடிக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

“மணிக்கு ஆளு தெரியாதுங்க. யாரு மிதிச்சாலும் ஒரே அடிதான்” என்றார் ஒயர்மேன்.

“தூ! மணிக்கு இருக்கற புத்தி அவ்வளவுதான்” என்று சிரித்தார் பண்ணாடி. சம்பந்தியும் வயிறு குலுங்கச் சிரித்தார்.

மதியம் சம்பந்திதான் சொன்னார். “தம்பிக்கும் நம்மகூடவே எலை போடச் சொல்லுங்க. தனியா என்னத்துக்கு?” மூன்று பேரும் ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். பண்ணாடியே தன் கையால் நெய் ஊற்றினார். சம்பந்தியின் இலையிலிருந்து மைசூர்பாகு ஒயர்மேன் இலைக்குப் போனது.

சாப்பிட்டு எழுந்ததும் கம்பிக் கணக்கெல்லாம் எழுதிய காகிதத்தைக் கொடுத்துவிட்டு ஒயர்மேன் கிளம்பினார். “வேலை செய்யறதுக்குக் கடையிலிருந்து வேற ஆளு வருவாருங்க. நான் இந்தப் பக்கம் இனி வரமாட்டனுங்க.”

அவரை வழியனுப்பப் பண்ணாடியும் சம்பந்தியும் படல் வரைக்கும் கூடவே நடந்தார்கள்.

“டேய் சடையா! தம்பி பொட்டியத் தூக்கிக்கிட்டுப் போயி பஸ்ஸுல ஏத்திட்டு வாடா. அவரு மேல பட்டுத் தொலைச்சராதே, பத்தடி தள்ளி நட!”

சடையன் பெட்டியைத் தூக்கக் குனிந்தான். ஒயர்மேன் சட்டென்று அவன் தோளைப் பிடித்து நிமிர்த்தினார். பெட்டியைத் தன் கையில் எடுத்துக்கொண்டு, மறுகையால் அவன் முகத்து வியர்வையைத் துடைத்தார்.

பண்ணாடி பதறிப் போனார். “அய்யய்யோ, என்ன தம்பி இது? அவனைப் போயித் தொடறீங்களே!”

“எங்கப்பனுங்க இவரு. நான் தொடாம யாரு தொடுவா?”